முதல் சுற்றும் உங்கள் கையெழுத்தும்

அன்புள்ள ஏன்னாவுக்கு,

நாற்பத்து மூன்று வருஷம் உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது திடீரென்று பெயர் போட்டு எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கும். தபால்காரர் குழம்புவாரே என்ற கவலையும் இந்தக் கடிதத்துக்கு இல்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் பென்ஷன் எனக்குப் பாதிதான் வந்தது. உங்கள் சந்தேகம் முழுசாக வந்துவிட்டது. பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு தடவை பார்க்கிறேன். கேஸ் சிலிண்டரை அசைத்துப் பார்த்துவிட்டு எடை குறைகிறது என்கிறேன். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்குப் பின்னாலேயே நின்று நானும் பார்க்கிறேன். இதையெல்லாம் நீங்கள் செய்தபோது சிரித்தவள் நான்தான். நீங்கள் சந்தேகப்பட்டவர்களின் பட்டியலில் இந்த வாரம் நான் புதிதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறேன். உங்களை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பக்கத்திலிருந்து படிக்கிறவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு நேரத்துக்கு என்ன குறை?

லீக் தொடங்குவதற்கு முன்னால், மழைக்காலத்தில், அந்தக் கால்பந்துக் கோப்பை வரும். பதினாறு கிளப்புகள். தோற்றால் அன்றோடு சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வரப்போகும் சீசனுக்கு இது வெறும் பயிற்சி என்று கோச்சுகள் சொல்வார்கள். அதைக் கல்கத்தாவுக்கு மட்டும் யாரும் தெரிவிக்கவில்லை. இந்த ஊரின் இரண்டு பெரிய கிளப்புகளும் ஆடுவதால், பாதி ஊர் மீதிப் பாதியோடு அந்த நாட்களில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

யாரோடு யார் மோதுவது என்பதைக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். ரசகுல்லா வாங்கினால் மண்பானையில் போட்டுக் கொடுப்பார்களே, அதுதான் குலுக்கல் பானை. கிளப்பின் பெயரை எழுதிய சீட்டைச் சுருட்டி, ஹோமியோபதி மாத்திரை வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தக்கையால் அடைப்பார்கள். அடுத்தடுத்து எடுக்கிற இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டும். முன்பு ஒரு காலத்தில் அந்தக் கமிட்டியின் பொருளாளர் ஹோமியோபதி டாக்டராம். இந்த ஊரில் எந்தக் கமிட்டியில்தான் ஒரு ஹோமியோபதி டாக்டர் இல்லை?

பானைக்குள் கைவிட்டு எடுப்பவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும். சிக்கலே அங்கேதான். ஒரு வங்காளியிடம் தாத்தா எந்த ஜில்லா என்று கேட்டால் போதும், பேரன் எந்தக் கிளப் என்பது தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை எடுக்கச் சொன்னார்கள். அவருடைய தாத்தாவைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒரு சாமியாரை எடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் துறந்த அவரால் தாத்தாவை மட்டும் துறக்க முடியவில்லை. அப்போதுதான் புதுச் செயலாளர் தபன் பாபு, ஏதோ கமிட்டி வேலையாக உங்கள் பேங்க் கிளைக்கு வந்தவர், கௌண்டருக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்தார்.

"தாதா, உங்க தாத்தா எந்த ஜில்லா?"

"தஞ்சாவூர்."

"போதும். சனிக்கிழமை மைதானத்துல எங்க கூடாரத்துக்கு வந்துடுங்க. ஃபுட்பால் பார்ப்பீங்களா?"

"எப்பவாவது."

இந்த 'எப்பவாவது'வை நீங்கள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது நான் சப்பாத்திக் குழவியைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தேன். உங்களுக்கென்று ஒரு கிளப் உண்டு என்பது கல்யாணமான இரண்டாவது வருஷமே எனக்குத் தெரியும். அது தோற்ற நாளில் மோர்சாதத்துக்கு உப்புப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டு, நான் போடவில்லை என்று சண்டைக்கு வருவீர்கள். ஜெயித்த நாளில் அதே உப்பில்லாத மோர்சாதம் தேவாமிர்தம். அது எந்தக் கிளப் என்று நம் பெண் மாலினிக்குக்கூடச் சொன்னதில்லை. ஊர் முழுக்க நடுநிலைக்கு உதாரணமாகக் காட்டிய மனிதரோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, அவர் பானையில் கைவிட்ட பதினோரு வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்கு எனக்கு யாரும் ஒரு கோப்பையும் தரவில்லை.

போன மாதம் தபன் பாபு வீட்டுக்கு வந்தார். தாதா என்று உங்களை அண்ணனாக்கிக்கொண்டவர் ஆனதால் நான் அவருக்கு அண்ணி, பௌதி. பேசியதெல்லாம் வங்காள மொழியில். நான் எழுதுவது நம் வீட்டுத் தமிழில்.

"பௌதி, இந்த வருஷம் நீங்கதான் எடுக்கணும்."

"நான் எதுக்கு? ஒரு நடிகையைக் கூப்பிடுங்கோ. டாலிகஞ்சுல தடுக்கி விழுந்தா ஒருத்தி மேலதான் விழணும்."

"நடிகைக்கும் தாத்தா உண்டே பௌதி. உங்களது மதராஸிக் கை. அதுல ரத்தம் கிடையாது, தயிர்சாதம்தான்."

சரி என்றேன். செய்தி பரவியதும் நம் தமிழ்ச் சங்கத்து மாமி ஒருத்தர் என்னைத் தனியாக அழைத்து, "இந்த நிலைமையில நீ போய்க் கை வைக்கலாமோடி?" என்றார். "பதினாறு கிளப்ல பதினஞ்சு தோக்கத்தான் போறது மாமி. யார் கை வெச்சாலும் அதே கணக்குதான்" என்றேன். அவர் யோசித்துக்கொண்டே போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சாம்பல் நிறப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அலமாரியில் எந்தக் கிளப்பின் நிறமும் கலக்காத புடவை அது ஒன்றுதான் இருந்தது. உங்கள் காலத்தைப் போல நாலு பேரும் டீயும் இல்லை. கூடாரம் முழுக்க ஆள், ஆளுக்கொரு செல்போன், எல்லாம் நேரடி ஒளிபரப்பு. கையை விட்டேன். முதல் குப்பியில் பெரிய கிளப் ஒன்று. கைதட்டல். மறுபடி விட்டேன். இரண்டாவது குப்பியில் மற்றப் பெரிய கிளப்.

ஒரு கூடாரம் நிறைய வங்காளிகள் ஒரே சமயத்தில் பேசாமல் இருந்ததை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. தபன் பாபு சிரித்துக்கொண்டேதான் இருந்தார். முன்பே போட்டு வைத்த சிரிப்பை எடுக்க மறந்துவிட்டவர் போல இருந்தது.

முதல் சுற்றிலேயே இரண்டும் மோதப்போகின்றன என்ற செய்தி நான் மெட்ரோவில் ஏறி வீடு வருவதற்குள் லேக் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் வாழைப்பூ விற்கிற பிஷு என் பையில் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் கொசுறாகத் திணித்தான்.

"மாஷிமா, உங்க கைதான் சுத்தமான கை. தாதா காலத்துல எல்லாம் ஐஸ்."

"என்ன ஐஸ்?"

"பெரிய கிளப் ரெண்டோட குப்பியையும் ஐஸ்ல போட்டு எடுத்து வெச்சிருப்பாங்க. கண்ணாடி ஜில்லுனு இருக்குமில்ல? ஒண்ணை எடுத்தாச்சுன்னா தாதா இன்னொண்ணைத் தொடமாட்டார். ஊருக்கே தெரியுமே, மாஷிமா!"

ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. காபிப் பொடி வாங்கக் கணேசன் கடைக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர், சுற்றி வளைத்துத்தான் வருவார்.

"மாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"கேக்காம இருந்தா கோவிச்சுக்க மாட்டேன்."

"இல்ல, ஊர்ல ஒரு பேச்சு. சார் பதினோரு வருசம் எடுத்தாவ. ஒரு தடவகூட மொத சுத்துல ரெண்டும் மோதல. நீங்க ஒரே ஒரு தடவ கைய விட்டிய, மோதிட்டு. அப்பம் சார் எப்படி எடுத்தாவன்னு..." மீதியைக் காபிக்கொட்டை அரைக்கிற சத்தத்தில் விட்டுவிட்டார்.

பார்த்தீர்களா? நான் நேர்மையாக எடுத்ததுதான் உங்களுக்கு எதிரான சாட்சி. புருஷனைத் திருடன் என்றும் பெண்டாட்டியை உத்தமி என்றும் ஒரே மூச்சில் சொல்கிற மார்க்கெட்டில் எந்தக் கொத்தமல்லியை வாங்கிக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது?

அன்று மத்தியானம் முழுக்க உங்களுக்காக வாதாடினேன், மனசுக்குள்ளேயே. என்னிடம் ஒரு நல்ல சாட்சி இருந்தது. வெளியே சொல்லக் கூடாது என்று நீங்கள் வாய்ப்பூட்டுப் போட்ட சாட்சி. இனி உங்களால் கோபித்துக்கொள்ள முடியாது, சொல்லிவிடுகிறேன். கடைசி நாலு வருஷம் உங்கள் விரல் நுனிகளுக்கு உணர்ச்சியே இல்லை. சர்க்கரை தின்றுவிட்டது. கொதிக்கிற காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பீர்கள், நான் ஓடிவந்து பிடுங்குவேன். குலுக்கல் நாளில் உங்கள் வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டது நான். ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பீர்கள். அதை ஊர் உங்கள் கம்பீரம் என்று நினைத்தது. கையில் குப்பி இருக்கிறதா என்று பார்த்தீர்கள், அவ்வளவுதான். இந்த விரலுக்கு ஐஸ் என்ன, நெருப்பு என்ன?

பதினோரு வருஷத்தில் நாலு கழிந்தது. மீதி ஏழு வருஷம்? அப்போது உங்கள் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. நான் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கினேனா தண்ணீரிலா என்று தொட்டே சொல்லக்கூடிய விரல்கள்.

மாலினியைக் கூப்பிட்டேன். பூனாவில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறவள் அப்பாவுக்காக ஒரு கணக்குப் போட மாட்டாளா?

"மா, பதினாறு டீம். ஒரு பெரிய கிளப்போட மோத மத்தப் பதினஞ்சுல எதுவும் வரலாம். முதல் ரவுண்டுலயே சேர்றதுக்குப் பதினஞ்சுல ஒரு சான்ஸ். பதினோரு வருஷமும் சேராம இருக்கறதுக்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் போட்டா தலை விழற மாதிரி. ஏக்தம் நார்மல், மா! அப்பாவை யார் என்ன சொன்னா?"

நான் சொல்லவில்லை. உங்கள் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் போனது அன்றைக்கு ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை. நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தபன் பாபு சந்தேஷ் பெட்டியோடு வந்தார். காரணமில்லாமல் இனிப்புக் கொண்டுவருகிறவரை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே பார்த்தேன். அவர் பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது, நான் எழுதியதாக. முதுமையினால் என் கை நடுங்கியதாம். இரண்டு குப்பிகள் ஒன்றாக வந்துவிட்டனவாம். தவறான குப்பியைத் திறந்துவிட்டேனாம். மறு குலுக்கலுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லையாம்.

"என் கை நடுங்கலையே, தபன் பாபு. தினம் இட்லி மாவு அரைக்கிற கை."

"தெரியும் பௌதி. ஆனா நடுங்கற வயசுதானே?"

அவரைச் சும்மா சொல்லக் கூடாது. உங்கள் காரியத்தன்று நம் சொந்தக்காரர்களைவிடச் சத்தமாக அழுதவர் அவர். இப்போதும் கண் கலங்கித்தான் இருந்தது. யாருக்காகக் கலங்குகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

"ரெண்டுல ஒரு கிளப் முதல் நாளே வெளியே போயிடும் பௌதி. அதோட பாதி ஊர் வீட்டுக்குப் போயிடும். அப்புறம் ஃபைனலுக்கு நாங்க யாரைக் கூப்பிடறது? அது போகட்டும். அந்தத் தேதிக்குப் போலீஸ் ஆள் தரமாட்டேங்கறாங்க. கூட்டத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா? நீங்க கையெழுத்துப் போட்டா தாதா பேரும் பிழைச்சுடும். 'ஓஹோ, இந்தத் தடவைதான் தப்பு நடந்தது, முன்னாடி எல்லாம் சரி'ன்னு ஊர் வாயை மூடிக்கும்."

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. நான் என் கையைக் குற்றவாளி ஆக்கினால் உங்கள் கை விடுதலை. ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என் கைக்கு இந்த ஊரில் என்ன பெரிய பெயர்? பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது அவர், என் தயக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, இன்னொரு தாளை எடுத்து வைத்தார். பழைய தாள் ஒன்றின் ஜெராக்ஸ்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை பௌதி. தாதாவும் ஒரு தடவை போட்டிருக்கார்."

குப்பி ஒன்று மேஜைக்கடியில் உருண்டுவிட்டதால் முதலில் எடுத்தது செல்லாது என்றும், மறுபடி குலுக்கி எடுக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. முதலெழுத்தின் வாலை இழுத்து முழுப் பெயருக்கும் அடிக்கோடு ஆக்குகிற அதே கையெழுத்து. தேதி, நம் கல்யாண நாள்.

"குப்பி விழுந்ததா, தபன் பாபு?"

"பௌதி..."

"விழுந்ததான்னுதான் கேட்டேன்."

"இல்லை."

அந்த வருஷமும் இரண்டு பெரிய கிளப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டனவாம். கூடாரத்தில் இருந்தது நாலே பேர். ஒரே ஒரு நிருபர், அவரும் டீ குடிக்கப் போயிருந்தார். நீங்கள் முடியாது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். போலீஸ் பாதுகாப்பு கிடையாது, உயிர்ச் சேதம் ஆகும் என்று சொன்ன பிறகு பேனாவை வாங்கினீர்களாம்.

"போலீஸ் எழுதினதைக் காட்டினேளா?"

"கேட்டார். லெட்டர் நாளைக்கு வந்துடும்னோம். சரின்னு போட்டுட்டார்."

"வந்துதா?"

தபன் பாபு தான் கொண்டுவந்த சந்தேஷைத் தானே ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அது ஆச்சு பௌதி, எத்தனையோ வருஷம்."

ஏன்னா, 'நாளைக்கு வரும்' என்பதை நம்பியா கையெழுத்துப் போட்டீர்கள்? நீங்களா? காகிதத்தைப் பார்க்காமல் சொந்தத் தம்பியின் கடன் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பி, மூன்று தீபாவளி அவர் வீட்டுப் பக்கம் போக முடியாமல் இருந்தவரா? நம்பினீர்களா, நம்பிவிட்டால் நல்லது என்று இருந்ததா?

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே கூட்டத்தை நினைத்துப் பயந்திருக்கலாம். நீங்கள் இளகிய மனசுக்காரர்தான், வெளியே தெரியாது. அல்லது அந்தப் பிரம்பு நாற்காலி. பானையில் கைவிடுகிறவருக்கு அந்தக் கோப்பை முழுக்க, நடுக்கோட்டுக்கு நேரே, உறுப்பினர் வரிசையில் ஒரு நாற்காலி உண்டு. நீங்கள் மறுத்திருந்தால் அடுத்த வருஷம் தஞ்சாவூர்த் தாத்தா உள்ள வேறு யாரையாவது பிடித்திருப்பார்கள். லேக் மார்க்கெட்டில் ஒரு சாக்குப் பை நிறைய தஞ்சாவூர்த் தாத்தாக்கள் கிடைப்பார்கள். மூன்றாவது சந்தேகத்தை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வருஷம் உங்கள் கிளப்பின் கோல்கீப்பருக்கு முழங்கால் போயிருந்தது. முதல் நாளே மோதினால் முதல் நாளே மோர்சாதம். இது தபன் பாபுவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றில் எது? அல்லது மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமா?

"நீங்க போடலைன்னா பேப்பர்காரங்க குடைவாங்க பௌதி. பழைய ஃபைலைக் காட்ட வேண்டி வரும். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். மிரட்டலை இவ்வளவு மரியாதையாகச் செய்ய இந்த ஊரில்தான் முடியும்.

நான் பேனாவை மூடினேன்.

"இந்தத் தடவையும் போலீஸ் லெட்டர் இருக்குமே தபன் பாபு, அதைக் கொண்டு வாங்கோ. படிச்சுப் பார்த்துட்டு அங்கேயே போட்டுத் தரேன்."

"அது நாளைக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தன் குரல் தனக்கே கேட்டுவிட்டது போல. தாள்களை மடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, "தாதா இப்படிக் கேக்கலை பௌதி" என்றார்.

"கேட்டார்னுதானே சொன்னேள்? கேட்டுட்டு விட்டுட்டார். நான் கேட்டுட்டுக் காத்துண்டிருக்கேன்."

புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், முதல் சுற்று அட்டவணையில் மாற்றம் இல்லை என்று கமிட்டி அறிவித்துவிட்டது. ஒரு கடிதமும் வரவில்லை. கூட்டத்தைக் காக்கத் தேவையான ஆட்கள் எப்படியோ கிடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் அந்த ஜெராக்ஸ் இன்னும் தபன் பாபுவின் பையில் இருக்கிறது. இன்றோ, அடுத்த வருஷமோ, வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்க அதை மேஜைமேல் வைப்பார்கள். மதராஸி தாதாவே போட்டார், நீங்கள் போட்டால் என்ன என்பார்கள். உங்கள் கையெழுத்தை இந்த வேலைக்கு வைத்திருக்க நான் விடுவதாக இல்லை. அதனால்தான் உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியதை நம் சங்கத்துப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஊர் தெரிந்துகொள்ளட்டும்: பதினோரு வருஷத்தில் ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எஞ்சிய பத்து வருஷமும் அவர் கை சுத்தம். அந்த ஒன்றைச் சொல்ல வெட்கப்படுகிறவள் இந்தப் பத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

முதலில் மாலினிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "பதினோரு வருஷத்துல ஒரு தடவை வர்றதும் நார்மல்தான் மா. கணக்கு இப்பவும் இடிக்கலை" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். போனில் அது மூக்கடைப்பு போலத்தான் கேட்கிறது.

கணேசன் கடையில் அச்சுக்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது, நான்தான் சொன்னேன். காபிப் பொடியை நிறுத்துக்கொண்டே, "வீட்டு விசயத்தை நீங்களே ஏன் மாமி வெளிய சொல்லுதிய?" என்றார். "வேற யாராவது சொன்னா நீங்க ஐஸையும் சேர்த்துச் சொல்லுவேள்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பொட்டலத்துக்கு நூல் சுற்றினார். தேவைக்கு மேலேயே சுற்றினார்.

இதெல்லாம் ஊரோடு தீர்ந்தது. அச்சுக்குப் போவதும் இதுவரைதான். உங்களோடு எனக்குத் தீராதது ஒன்று இருக்கிறது.

அன்று நம் கல்யாண நாள். குலுக்கலுக்குப் போக வேண்டுமா என்று காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்கள் திரும்பி வந்ததும், "கிளம்பு, ஏரிப் பக்கம் போயிட்டு வரலாம்" என்றீர்கள். டாக்குரியா ஏரிக்கரையில் மழை விட்டிருந்தது. பெஞ்சை உங்கள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னீர்கள். இந்த ஊர்க் காரப்பொரி, ஜால்முரி, வாங்கிக் கொடுத்தீர்கள், பச்சைமிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டு. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். நீங்கள் அதிகம் பேசவில்லை. என் கையை நீங்கள் பொது இடத்தில் பிடித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். இத்தனை வருஷமும் அந்தச் சாயங்காலத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

அது கல்யாண நாளுக்காகவா, கையெழுத்துக்காகவா? சொல்ல வந்தீர்களா? இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள், ஜலதோஷம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன, தபன் பாபுவிடமா போய்ச் சொல்லியிருப்பேன்? உங்கள் கிளப்பையே உயிர் போனாலும் சொல்லாதவள் இல்லையா நான்? பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாலு நாளாக அந்தச் சாயங்காலத்தைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வருகிறது. ஒரு தடவை அன்பு. ஒரு தடவை குற்றவுணர்வு. ஒரு தடவை வெறும் ஜலதோஷம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதை வாக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டேன். அது ஊருக்குச் சேர வேண்டியது. அந்தப் பெஞ்சையும் பிடித்த கையையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், இனி நானும் சந்தேகப்பட மாட்டேன். மறு குலுக்கல் கிடையாது. முதலில் எப்படி வந்ததோ அப்படியே நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஆத்துக்காரி
ஜெயா